வெட்டி எடுக்கப்பட்ட பக்கங்கள்

எங்கள் மாலை நேர வகுப்பில் ஒரு பிளஸ் ஒன் மாணவி கேட்டாள்: "அண்ணா, வேலைக்காரங்க எஜமானுக்குக் கீழ்ப்படியணும்னு பைபிள்லயே இருக்கு. அப்போ பண்ணையாருக்கு அடங்கிக் கிடந்த எங்க தாத்தா செஞ்சதுதான் சரியா?"

அவள் சொன்னது எபேசியர் நிருபம் ஆறாம் அதிகாரம், ஐந்தாம் வசனம். ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் முடிக்கக்கூடிய கேள்வி அல்ல. அதனால் ஒரு புத்தகத்தின் கதையிலிருந்து தொடங்கினோம்.

1807ஆம் ஆண்டு லண்டனில் ஒரு பைபிள் அச்சிடப்பட்டது. பிரிட்டனின் ஆட்சியில் இருந்த மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்க மக்களுக்காகத் தேர்ந்தெடுத்த பகுதிகள் என்று தலைப்பிலேயே போட்டிருந்தார்கள். இன்று அதற்கு 'அடிமை பைபிள்' என்று பெயர். புராட்டஸ்டண்ட் பைபிளில் 1,189 அதிகாரங்கள் உண்டு. இதில் இருந்தவை 232 மட்டுமே.

மற்றவை எங்கே போயின? எகிப்தில் செங்கல் அறுத்துச் சாகக் கிடந்த மக்களை மோசே மீட்டுக்கொண்டு வந்த கதை அதில் இல்லை. மனிதனைத் திருடி விற்பவனுக்கு மரண தண்டனை என்னும் சட்டம் இல்லை. கூலி கொடுக்காமல் வேலை வாங்குகிறவனுக்குக் கேடு வரும் என்று எரேமியா எச்சரித்தது இல்லை. அடிமை என்றும் சுதந்திரன் என்றும் பேதமில்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியது இல்லை. அடிமையாக விற்கப்பட்டும் உண்மையாக உழைத்து உயர்ந்த யோசேப்பின் கதை இருந்தது. நம் மாணவி கேட்ட அந்தக் கீழ்ப்படிதல் வசனமும் பத்திரமாக இருந்தது.

எந்தப் பக்கம் அடிமையின் முதுகை நிமிர்த்தும் என்று வெட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று மிஞ்சியிருக்கும் மிகச் சில பிரதிகளில் ஒன்று அமெரிக்காவின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. விடுதலை பெற்ற அடிமைகளின் கல்விக்காக 1866இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது.

கத்தரி எடுக்காமலும் வெட்டலாம். திரும்பத் திரும்ப ஒரே வசனத்தைப் பிரசங்கித்தால் போதும். ஹோவர்ட் தர்மன் என்ற கறுப்பின இறையியலாளர் 1949இல் வெளியிட்ட தம் நூலில் பாட்டியைப் பற்றி எழுதியிருக்கிறார். பாட்டி அடிமையாகப் பிறந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். சிறுவன் தர்மன்தான் அவருக்கு பைபிள் வாசித்துக் காட்டுவார். பவுலின் நிருபங்களைப் பாட்டி வாசிக்க விடமாட்டார். அன்பைப் பற்றிய கொரிந்தியர் அதிகாரத்துக்கு மட்டும் எப்போதாவது அனுமதி உண்டு. பல ஆண்டுகள் கழித்து, ஏன் பாட்டி என்று கேட்டார் தர்மன். எஜமானின் பிரசங்கி வரும்போதெல்லாம் கீழ்ப்படியுங்கள் என்ற பவுலின் வசனத்தையே எடுத்துப் பேசுவாராம். விடுதலை கிடைத்து, படிக்கவும் கற்றுக்கொண்டால் அந்தப் பகுதியை மட்டும் படிப்பதில்லை என்று அன்றே பாட்டி முடிவெடுத்துவிட்டார்.

அந்தப் பாட்டியின் கோபம் நியாயமானது. நமக்கோ படிப்பு இருக்கிறது. பிடிக்காத பக்கத்தைத் தாண்டிப் போகாமல் நிறுத்தி விசாரிக்கலாம். யார் எழுதியது, யாருக்கு, எந்தக் காலத்தில், முன்னும் பின்னும் என்ன இருக்கிறது? பைபிள் அறிஞர்கள் செய்யும் வேலையின் அடிப்படை இந்தக் கேள்விகள்தான்.

அமெரிக்காவில் அடிமை முறைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட இன்னொரு பகுதி, ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரம். காமின் சந்ததி கறுப்பர்கள், அவர்களைக் கடவுளே அடிமைகளாகச் சபித்தார் என்றார்கள். பக்கத்தைத் திறந்து பாருங்கள். சபித்தவர் கடவுள் அல்லர், மது மயக்கம் தெளிந்து எழுந்த நோவா. சாபம் விழுந்தது காமின் மீதும் அல்ல, அவன் மகன் கானான் மீது. தோலின் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இல்லாத ஒன்றை இருக்கிறது என்று சொல்லி எத்தனை தலைமுறைகளின் முதுகில் சாட்டையை இறக்கியிருக்கிறார்கள்!

எபேசியருக்கு வருவோம். அந்த நிருபத்தைப் பவுலே எழுதினாரா, அவர் வழிவந்த ஒருவர் எழுதினாரா என்பது அறிஞர்களிடையே இன்றும் விவாதம். எழுதப்பட்டது ரோமப் பேரரசில், அடிமை முறை அன்றாட நடப்பாக இருந்த காலத்தில். நான்கு வசனம் தள்ளிப் படித்தால் எஜமான்களுக்கும் கட்டளை இருக்கிறது. மிரட்டுவதை நிறுத்துங்கள், உங்களுக்கும் மேலே ஓர் எஜமான் உண்டு, அவரிடம் பட்சபாதம் இல்லை என்கிறது. ஆனாலும் அடிமை முறையே கூடாது என்று அந்த நிருபம் சொல்லவில்லை. அதையும் மறைக்காமல் சொல்வதுதான் நேர்மையான வாசிப்பு.

இந்த வாசிப்பு நமக்குப் புதிதல்ல. 1946இல் வெளிவந்த 'சூத்திரர்கள் யார்?' நூலில் அண்ணல் அம்பேத்கர் புருஷ சூக்தத்தை இப்படித்தான் விசாரணைக் கூண்டில் ஏற்றினார். நால்வருணத் தோற்றத்தை ரிக் வேதத்தின் மற்றப் பாடல்களும் இப்படியே சொல்கின்றனவா என்று கேட்டார். 1980களில் அர்விந்த் நிர்மல் உபாகமம் 26ஆம் அதிகாரத்தைத் தலித் கண்ணோடு வாசித்தார். அலைந்து திரிந்த மூதாதையையும் பட்ட ஒடுக்குமுறையையும் நினைவுகூர்ந்து அறிக்கை செய்யும் அந்த மக்களிடம் நம் மக்களின் வரலாற்றைக் கண்டார். பின்னர் சென்னை குருகுல் இறையியல் கல்லூரியில் தலித் இறையியல் துறைக்குத் தலைமை ஏற்றவர் அவர்தான்.

பேதமில்லை என்ற கலாத்தியர் வசனம் தமிழ் பைபிளில் அப்படியே இருக்கிறது. யாரும் வெட்டவில்லை. ஆனால் அதை வாசிக்கும் ஊர்களிலேயே தலித் கிறித்தவர்களுக்குத் தனிக் கல்லறை, நடுவே சுவர் என்று இருந்தால் அந்தப் பக்கம் வெட்டப்பட்டதாகத்தானே அர்த்தம்? கோவிலிலும் கல்லறையிலும் இந்தக் கேள்வியைக் கேட்கப் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும்.

அந்த மாணவியிடம் பிலேமோன் நிருபத்தைப் படித்துவரச் சொன்னோம். மொத்தமே ஓர் அதிகாரம், 25 வசனங்கள். எஜமானைப் பிரிந்து வந்த ஒநேசிமு என்ற அடிமையைத் திருப்பி அனுப்பும்போது, அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள் என்று பவுல் எழுதிய கடிதம். மறுவாரம் அவள் வந்து கேட்டாள்: "பவுல் என்ன நினைச்சார்னு இருக்கு. பிலேமோன் என்ன செய்யணும்னு இருக்கு. ஒநேசிமு என்ன சொன்னான், அண்ணா? அவன் பேசுற ஒரு வசனம்கூட இல்லையே?"

படிக்கத் தெரிந்துவிட்டது அவளுக்கு. அடுத்த வாரத்துக்கு அவளுக்குக் கொடுத்திருக்கும் வேலை, பண்ணையில் வேலை செய்த தாத்தாவிடம் உட்கார்ந்து அவர் சொல்வதை எழுதிக்கொண்டு வருவது.