நீரடிமுத்தும் தொழுநோயும்

மாட்டுங்காவிலும் தாராவியிலும் நெடுநாள் குடியிருக்கும் தமிழர் பலர் ஆக்வர்த் மருத்துவமனையின் பெயரைக் கேட்டிருப்பர். இன்று வடாலாப் பகுதியைச் சேர்ந்ததாக வழங்கும் அது, 1890ஆம் ஆண்டில் மாட்டுங்காவில், வீடற்ற தொழுநோயாளிகளின் புகலிடமாகத் தோன்றியது. அப்போது பம்பாய் நகராட்சி ஆணையராக இருந்த ஆக்வர்த் என்பவரின் முயற்சியால் எழுந்ததாதலின் பின்னர் அவர் பெயரையே பெற்றது. நோயைத் தீர்க்கும் என்று உறுதியாகச் சொல்லத்தக்க மருந்து அந்நாளில் ஒன்றும் இல்லை. நோயாளியை ஊரினின்றும் பிரித்து வைப்பதே வழி என்று கருதினர். ஆயினும், அடுத்த அரை நூற்றாண்டுக் காலம் தொழுநோய் வைத்தியர்கள் பெரிதும் நம்பியிருந்த பொருள் ஒன்று உண்டு. அது ஒரு காட்டு மரத்தின் விதையைப் பிழிந்தெடுத்த எண்ணெய்.

அவ்விதையைத் தமிழில் நீரடிமுத்து என்பர். மலையாளத்தார் அம்மரத்தை மரோட்டி என்றும், மராத்தியர் கடூ கவட், அதாவது கசப்பு விளா என்றும் அழைப்பர். மராத்திப் பெயர் மிகவும் பொருத்தமானது. காய் விளாங்காயைப் போல உருண்டு, தடித்த ஓட்டுடன் இருக்கும். உள்ளே வெண்ணிறச் சதையில் விதைகள் நெருங்கிக் கிடக்கும். கேரளத்தில் இவ்வோட்டை இரு பாதியாக்கி, எண்ணெய் விட்டு விளக்கேற்றுவதும் உண்டு. கொங்கணம் முதல் கேரளம் வரை மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரச் சரிவுகளே இம்மரத்தின் தாயகம். சுசுருதர் ‘துவரகம்’ என்னும் பெயரால், மேற்குக் கடற்கரையில் வளர்வதாகவும் குஷ்டத்துக்கு மருந்தாவதாகவும் கூறிய மரம் இதுவே என்பர். சித்த வைத்தியரும் இவ்வெண்ணெயை நெடுங்காலமாக அறிவர்.

இம்மரத்துக்கு வடகிழக்கு இந்தியாவிலும் பர்மாவிலும் உறவு மரம் ஒன்று உண்டு. அதன் எண்ணெயே சால்மூக்ரா என்று உலகப் புகழ் பெற்றது. கல்கத்தாவில் பணியாற்றிய மௌவட் என்னும் ஆங்கில மருத்துவர் 1854இல் அதன் பயனை எழுதி வெளியிட்டார். வேடிக்கை என்னவென்றால், வேறொரு மரத்தின் விதையையே சால்மூக்ரா என்று நூல்கள் பல ஆண்டுகள் எழுதிவந்தன. எண்ணெய் கடையில் கிடைத்தது. மரம் எது என்பதுதான் தெரியவில்லை! தாவர அறிஞர் ஜோசப் ராக் 1920இல் புறப்பட்டுச் சயாம், பர்மாக் காடுகளில் அலைந்து, உண்மை மரத்தை அதன் காட்டிலேயே கண்டு விதை சேகரித்தார்.

இவ்வெண்ணெயில் அப்படி என்னதான் இருக்கிறது? லண்டனில் பவர் என்னும் இரசாயன அறிஞர் 1904இல் இதற்கு விடை கண்டார். நல்லெண்ணெயிலும் தேங்காயெண்ணெயிலும் இருப்பவை கொழுப்பு அமிலங்கள். கரியணுக்கள் சங்கிலிபோல் கோத்துக்கொண்டவை. சால்மூக்ரா எண்ணெயிலும் அத்தகைய சங்கிலிதான் உண்டு. ஆனால் அதன் நுனியில் ஐந்து கரியணுக்களாலான வளையம் ஒன்று இருக்கிறது. சமையல் எண்ணெய்களில் இவ்வளையத்தைக் காண இயலாது. சால்மூக்ரிக் அமிலம், ஹிட்னோகார்ப்பிக் அமிலம் என்று அவற்றுக்குப் பெயர். நீரடிமுத்திலும் இவையே இருப்பது அடுத்த ஆண்டில் தெரியவந்தது.

தொழுநோய்க் கிருமியை 1873இல் நார்வே நாட்டு ஹான்சென் கண்டறிந்தார். மெழுகு போன்ற தடித்த உறை அதற்குக் கவசமாக அமைந்துள்ளது. காசநோய்க் கிருமியும் அவ்வினத்ததே. அவ்வினக் கிருமிகளை இவ்வமிலங்கள் சோதனைக் குழாயில் வளரவொட்டாமல் தடுப்பதை வாக்கர், ஸ்வீனி என்னும் இருவர் 1920இல் எழுதினர். ஏனைய கிருமிகளிடம் அதன் ஆற்றல் அவ்வளவாகச் செல்லவில்லை. 1970களில் எலியின் பாதத்தில் தொழுநோய்க் கிருமியை வளர்த்துச் செய்த சோதனையிலும் அவ்வமிலங்கள் கிருமியைத் தடுத்தன. கொழுப்பைத் தன் உறுப்பாக்கிக்கொள்ளும் பழக்கமுடைய அக்கிருமி, இவ்விந்தை அமிலத்தையும் தன் கொழுப்போடு சேர்த்துக்கொள்கிறது என்று பின்வந்த ஆராய்ச்சி காட்டியது. ஆகவே, நம் முன்னோர் இவ்விதையைத் தேர்ந்தது வெறும் நம்பிக்கையன்று.

ஆனால் சோதனைக் குழாய் வேறு, மனித உடல் வேறு. எண்ணெயைக் குடித்தால் குமட்டும். ஊசியாகப் போட்டால் தசையில் கட்டியாக நின்றுவிடும். ஹவாயில் ஆலிஸ் பால் என்னும் இளம் கறுப்பினப் பெண்மணி, 1915–16இல், எண்ணெயின் அமிலங்களை உடல் ஏற்கும் வடிவில் மாற்றும் முறையைக் கண்டார். 1916 முடிவில், 24ஆம் வயதில், அம்முறையைத் தாமே வெளியிடுமுன் காலமானார். அவர் பெயரை உலகம் நெடுங்காலம் மறந்திருந்தது பெருங்குறையே. அந்த ஊசியாலும் சிலருக்குத் தணிந்தது. பலருக்கு நோய் திரும்பியது. இலேசான தொழுநோய் சிலரிடம் தானாகவே அடங்குவதும் உண்டு. அப்பெருமையையும் எண்ணெயின் கணக்கில் எழுதிவிட்டனரோ என்று ஐயுற இடமுண்டு.

எண்ணெயின் ஆட்சி முடிந்ததில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவில் 1941இல் சல்ஃபோன் மருந்துகள் தொழுநோயில் பயன்படத் தொடங்கின. செங்கற்பட்டில் டாக்டர் ராபர்ட் காக்ரேன், 1946 அளவில், அவ்வினத்து டாப்ஸோனை நோயாளிகளுக்குக் கொடுத்து வழிகாட்டியவர்களுள் ஒருவர். அம்மருந்துக்கும் அடங்காத கிருமி 1964இல் மலேயாவில் உறுதிப்பட்டது. அதனால் 1981இல் உலக சுகாதார நிறுவனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து முறையை வகுத்தது. இன்று நோயின் அளவுக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ உட்கொண்டால் நோய் தீர்கிறது; மருந்துக்கு விலையும் இல்லை.

பின் ஏன் இவ்விதையைப் பற்றிப் பேச வேண்டும்? உலகில் புதிதாகக் காணப்படும் தொழுநோயாளிகளுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியாவில் இருப்பதால்தான். டாக்டர் ஆர். கணபதி 1976இல் சயானில் தொடங்கிய பம்பாய் தொழுநோய்த் திட்டத்தினர் தாராவிக் குடிசைகளில் நோயாளிகளைத் தேடிச் சென்று கண்டுபிடித்தனர். தேடித்தான் காண வேண்டியிருந்தது. நோயாளி தாமாக வரத் தயங்கினார். வந்தேறி வாழும் இடத்தில் வேலை போய்விடுமோ, வாடகைக்கு இருக்கும் அறை போய்விடுமோ, ஊரில் தங்கையின் திருமணம் தடைப்படுமோ என்ற அச்சம் வாயை அடைத்துவிடுகிறது. அச்சத்தில் இருப்பவருக்கு, யாரும் அறியாமல் வீட்டிலேயே தடவிக்கொள்ளத்தக்க எண்ணெய் பெரும் ஆறுதல். அந்த ஆறுதலில் கழியும் மாதங்களில் நரம்பு சாகிறது. கிருமியை மருந்து பின்னர்க் கொன்றுவிடும். நெடுநாள் செத்த நரம்பும் மடங்கிய விரலும் மீள்வது அரிது.

வெளிறிய அல்லது சிவந்த தேமல், அதில் தொடுவுணர்ச்சியோ சூடோ தெரியாமை, இவையே முதல் அறிகுறி. அரிப்பும் வலியும் இல்லாததே இதன் வஞ்சகம். பஞ்சினால் தொட்டால் தெரிகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு பார்க்கலாம். தெரியாவிடில் அருகிலுள்ள நகராட்சி மருந்தகத்துக்கே செல்ல வேண்டும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை போய்விடுவதால், வீட்டை விட்டு விலக வேண்டியதில்லை. 

எண்ணெய் அறவே வேண்டாமா என்றால், வேண்டும். உணர்ச்சி போன பாதம் வியர்வை இன்றி வறண்டு வெடிக்கும். நாள்தோறும் சுமார் 20 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் உலருமுன் எண்ணெய் தடவிவந்தால் வெடிப்பு புண்ணாகாது. அதற்கு நீரடிமுத்தைத் தேடி அலைய வேண்டுவதில்லை. அடுக்களையிலுள்ள தேங்காயெண்ணெயே போதும்.