டிவியில் விவாதம் ஓடும்போது கை ஏன் போனைத் தேடுகிறது?

ஏ9 வீதியில் மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் நடுவே நாலந்தா. அங்கே ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். டிவியில் அரசியல் விவாதம், கையில் பேஸ்புக். இரண்டும் மண்டையில் ஏறுமா?

ஏறாது. கவனம் ஒற்றை அடுப்பு. சோற்றுப் பானையை இறக்கினால்தான் குழம்புச் சட்டி ஏறும். திரும்ப வைக்கும்போது பானை கொஞ்சம் ஆறியிருக்கும். நீங்கள் ஒரு கமெண்டை வாசித்து நிமிர்வதற்குள் வேட்பாளர் சொன்ன வரிக் கணக்கு காதில் விழுந்திருக்கும், மனதில் தங்கியிருக்காது.

மிளகு ஆய்ந்துகொண்டே விவாதம் கேட்கலாமே? தாராளமாக. அது கைப்பழக்கம். கமெண்டும் பேச்சும் மொழி என்பதால்தான் மோதுகின்றன.

தெரிந்தும் ஏன் எடுக்கிறோம்? விவாதம் மெல்ல நகரும். போனில் அடுத்து என்ன வரும் என்று தெரியாது. அந்தத் தெரியாமையே இழுக்கிறது. ஊர் என்ன சொல்கிறது என்ற ஆவல் வேறு.

ஓர் உதாரணம்: 2012 அக்டோபர் 3, அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கான ஒபாமா–ரொம்னி விவாதம். 90 நிமிடத்தில் ட்விட்டரில் ஒரு கோடிக்கும் மேல் பதிவுகள். பொது ஒளிபரப்புக்கான அரசு நிதியை நிறுத்துவேன் என்ற ரொம்னி, போகிற போக்கில் ‘பிக் பேர்ட்’ என்ற சிறுவர் நிகழ்ச்சிப் பறவையைச் சொல்லிவைத்தார். மீம்கள் முழுக்கப் பறவைதான். பட்ஜெட்டை யார் கண்டார்?

இலங்கை இன்னும் ஒரு படி மேல். 2024 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் வேட்பாளர்கள் சஜித்–அநுர விவாதம் திகதி இழுபறியிலேயே நின்றுபோனது. யார் பின்வாங்கியது என்ற சண்டை மட்டும் பேஸ்புக்கில் நடந்தது.

போனில் பயனும் உண்டு. அரசியல்வாதிகள் சொல்லும் எண்களை மூன்று மொழிகளிலும் சரிபார்க்கும் ‘ஃபேக்ட்செக்’ தளம் கொழும்பில் இயங்குகிறது. அதற்கு விளம்பர இடைவேளை தாராளம்.