அம்ரித் மகால் மாடு

அம்ரித் மகால் என்பது கர்நாடக மாநிலத்தைத் தாயகமாகக் கொண்ட நாட்டு மாட்டினம் ஆகும். இது சிக்கமகளூரு, ஹாசன், சித்ரதுர்கா, தும்கூரு முதலிய மாவட்டங்களில் காணப்படுகின்றது. நாட்டு மாட்டினங்கள் பெரும்பாலும் உழவர்களின் தொழுவங்களில் உருப்பெற்றவை. இவ்வினமோ மைசூர் அரசின் தனித்துறை ஒன்றினால், இதற்கென ஒதுக்கப்பட்ட மேய்ச்சல் நிலங்களில், படைத்தேவைக்காக வளர்த்தெடுக்கப்பட்டது. எனவே இதன் வரலாற்றை அந்நிலங்களின் வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

பெயர்

மைசூரை ஆண்ட சிக்க தேவராச உடையார் (ஆட்சிக்காலம் 1673-1704) அரண்மனை மாட்டு மந்தைகளை மேற்பார்வையிட "பெண்ணெ சாவடி" என்னும் துறையை அமைத்தார். கன்னடத்தில் "பெண்ணெ" என்பது வெண்ணெயைக் குறிக்கும். அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் வழங்கியதால் இப்பெயர் அமைந்தது. பின்னர் திப்பு சுல்தான் இத்துறைக்கு "அம்ரித் மகால்" எனப் பெயர் மாற்றினார். அம்ரித் என்பது அமுதம். மகால் என்பது இங்கு துறையைக் குறிக்கும். துறையின் பெயரே மாட்டினத்தின் பெயராக நிலைத்தது. பெயர் பாலைச் சுட்டினாலும் இவ்வினப் பசுக்கள் குறைவாகவே பால் தருபவை. இழுவைத் திறனே இவ்வினத்தின் சிறப்பு.

உடலமைப்பு

இம்மாடுகள் சாம்பல் நிறத்தவை. ஏறத்தாழ வெண்மை முதல் கருமை வரை இந்நிறம் வேறுபடும். முகம் நீண்டு குறுகியது. நெற்றியின் நடுவே பள்ளம் போன்ற கோடு காணப்படும். கொம்புகள் தலையின் உச்சியில் ஒன்றுக்கொன்று நெருக்கமாகத் தோன்றி, பின்னோக்கி வளர்ந்து, மேல்நோக்கி வளைந்து கூரிய முனைகளில் முடியும். கால்கள் உறுதியானவை; குளம்புகள் சிறியவை, கடினமானவை. திறந்த வெளியில் மந்தையாக வளர்வதால் புதியவர்களை எளிதில் அணுகவிடா. காளைகளைப் பழக்குவதற்குப் பொறுமை தேவை.

வரலாறு

அரண்மனை மந்தைகளின் தொடக்கம் விசயநகரப் பேரரசின் காலத்தைச் சேர்ந்தது எனக் கருதப்படுகின்றது. தென் கர்நாடகத்தின் ஹள்ளிகார் இனமே இதற்கு அடிப்படையாக அமைந்தது.

ஐதர் அலி இக்காளைகளைப் பீரங்கிகளையும் படைப்பொருட்களையும் இழுக்கப் பயன்படுத்தினார். 1781இல் ஆங்கிலேயப் படை சிதம்பரத்தைத் தாக்கியபோது, அவர் சுமார் 100 மைல் தொலைவை இரண்டரை நாட்களில் கடந்து வந்ததற்கு இக்காளைகளே காரணம் என ஆங்கிலேயக் குறிப்புகள் கூறுகின்றன. தார்ச்சாலைகளும் தொடருந்துகளும் இல்லாத அக்காலத்தில் ஒரு படையின் வேகம் அதன் காளைகளின் வேகமாகவே இருந்தது. திப்பு சுல்தான் மந்தைகளைப் பராமரிக்கும் முறைகளை விரிவான ஆணைகளாக வெளியிட்டார். இவ்விதிகள் பிற்காலத்திலும் பின்பற்றப்பட்டன.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மந்தைகளின் தரம் தாழ்ந்தது. 1813இல் பிரித்தானியப் படை அதிகாரி ஒருவர் பொறுப்பேற்றபின் அது மீண்டும் உயர்ந்தது. 1860இல் செலவைக் குறைக்கும் நோக்கில் மந்தைகள் விற்கப்பட்டன. ஆனால் சில ஆண்டுகளிலேயே படைக்கு ஏற்ற காளைகள் கிடைக்காத நிலை ஏற்பட்டது. ஆகவே 1866இல் துறை மீண்டும் நிறுவப்பட்டது. 1882இல் அது மைசூர் அரசிடம் ஒப்படைக்கப்பட்டது.

காவல் நிலங்கள்

மந்தைகளுக்கென ஒதுக்கப்பட்ட புல்வெளிகள் கன்னடத்தில் "காவல்" எனப்படுகின்றன. இது தமிழிலுள்ள காவல் என்னும் சொல்லுக்கு இனமானது. இந்நிலங்கள் கோடைக்காவல், மழைக்காவல், குளிர்காலக் காவல் என மூவகைப்படும். நீர்நிலைகளை ஒட்டியவை கோடைக்கென ஒதுக்கப்பட்டன. மந்தைகள் பருவத்திற்கு ஏற்ப ஒரு காவலிலிருந்து மற்றொன்றிற்கு ஓட்டிச் செல்லப்பட்டன. இதனால் ஒரு புல்வெளி மேயப்படும்போது மற்றவை மீண்டும் வளர இடம் கிடைத்தது. நெடுந்தொலைவு நடப்பதும், கிடைக்கும் புல்லைக்கொண்டே வாழ்வதும் இம்மாடுகளின் தாங்குதிறனுக்குக் காரணமாயின.

ஒரு காலத்தில் காவல் நிலங்களின் மொத்தப் பரப்பு 4 இலட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. வேளாண்மைக்குப் பகிர்ந்தளித்தல், ஆக்கிரமிப்பு, மரம் நடும் திட்டங்கள் ஆகியவற்றால் இதில் பெரும்பகுதி இழக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், சித்ரதுர்கா மாவட்டம் சள்ளகெரெ வட்டத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் காவல் நிலம் பாதுகாப்பு, விண்வெளி, அணுசக்தி நிறுவனங்களுக்கு வழங்கப்பட்டது. இவற்றுள் இந்திய அறிவியல் கழகம் பெற்றது 1,500 ஏக்கர். இதனை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் வழக்குத் தொடரப்பட்டது. இப்புல்வெளிகள் சுற்றுப்புற ஊர்களின் ஆடுமாடுகளுக்கு மேய்ச்சல் நிலமாகவும், வெளிமான் போன்ற காட்டுயிர்களுக்கு வாழிடமாகவும் இருந்தவை. ஆவணங்களில் இவை "தரிசு" எனத் தோன்றினாலும் பயன்பாட்டில் தரிசு நிலங்கள் அல்ல.

இன்றைய நிலை

படைகளில் இயந்திர ஊர்திகளும், வயல்களில் இழுவை இயந்திரங்களும் வந்தபின் இக்காளைகளின் பணி குறைந்தது. பால் உற்பத்தியை முதன்மைப்படுத்திய கலப்பினக் கொள்கையிலும் இவ்வினத்திற்கு இடமில்லை. சிக்கமகளூரு மாவட்டம் அஜ்ஜம்புராவில் உள்ள அரசு இனப்பெருக்க நிலையம் தூய மந்தைகளைப் பராமரிக்கின்றது. அங்கு நடைபெறும் காளைக்கன்று ஏலத்திற்கு உழவர்கள் தொலைவிலிருந்தும் வருகின்றனர்.

உறைந்த விந்தினைச் சேமிப்பதன் மூலம் ஓர் இனத்தின் மரபணுக்களைக் காக்க இயலும். ஆயினும் பருவந்தோறும் இடம்பெயர்ந்து மேய்வதால் உருவான தாங்குதிறனையும், மந்தையை நடத்தும் மேய்ப்பர்களின் அறிவையும் அவ்வாறு சேமிக்க இயலாது. எஞ்சியுள்ள காவல் நிலங்களைப் பாதுகாப்பதும் இவ்வினத்தைப் பாதுகாப்பதன் ஒரு பகுதியே ஆகும்.