ஆமை வராத இரவின் கணக்கு

சென்னைக் கடற்கரைக்கு ஆண்டுதோறும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிட வரும் பங்குனி ஆமைகளைப் பற்றி இன்று ஓரளவு நம்பிக்கையோடு பேச முடிகிறதென்றால், அதற்குக் காரணம் பெரிய ஆய்வுக்கூடம் எதுவுமன்று. 1970களில் ரோமுலஸ் விட்டேக்கர் முதலானோர் தொடங்கிவைத்த இரவு நடையும், 1988 முதல் அதைத் தொடர்ந்துவரும் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவின் பதிவேடுகளுமே ஆகும். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையிலுள்ள சுமார் 7 கிலோமீட்டர் மணற்பரப்பில் நள்ளிரவில் நடந்து, ஆமையின் துடுப்புகள் பதிந்த தடத்தைத் தேடி, குச்சியால் மணலை மெல்லக் குத்திக் குழியைக் கண்டறிந்து, அதிலிருக்கும் சுமார் நூறு முட்டைகளை எடுத்து வேலியிட்ட பொரிப்பகத்தில் மீண்டும் புதைப்பது இத்தகைய குழுக்களின் வேலை. முட்டைகளைக் காப்பாற்றுவது இதன் முதல் நோக்கம். எழுதிவைப்பது இரண்டாவதாகத் தோன்றினாலும், முப்பது ஆண்டுகளுக்குப் பின் எஞ்சி நிற்பது எழுதிவைத்ததே.

அந்த எழுத்தில் எளிதில் விட்டுப்போவது, எதுவும் கிடைக்காத இரவு. கூடு கிடைத்தால் நேரம், இடம், முட்டைகளின் எண்ணிக்கை, குழியின் ஆழம் எனப் பதிவேடு நிரம்பிவிடும். கால்வலியோடு வெறுங்கையாகத் திரும்பிய குழுவுக்கு எழுத ஒன்றுமில்லை என்றே தோன்றும். ஆனால் ஓர் ஆண்டு 60 இரவுகளும் அடுத்த ஆண்டு 90 இரவுகளும் நடந்திருந்தால், கூடுகளின் எண்ணிக்கை கூடியது ஆமைகள் பெருகியதாலா, நடை பெருகியதாலா என்பதைப் பிரித்தறிய, நடந்த தூரம், நேரம், ஆட்கள் ஆகியவற்றைக் குறிக்கும் முயற்சியளவு வேண்டும். அதனால்தான் கட்டத்தில் சுழியம் எழுதுவதும் கட்டத்தை வெறுமையாக விடுவதும் ஒன்றாகா. முன்னது ‘நடந்தோம், கூடு இல்லை’ என்கிறது. பின்னது, நடந்தார்களா என்பதே தெரியாது என்கிறது. ஏறிவந்தும் முட்டையிடாமல் கடலுக்குத் திரும்பிய ஆமையின் தடத்துக்கும் இதே காரணத்தால் தனிக் கட்டம் தேவைப்படுகிறது.

தேதியும் நினைப்பதைவிடத் தொல்லை தருவது. பிப்ரவரி 14ஆம் நாள் இரவு பதினொரு மணிக்குக் கிளம்பும் நடை 15ஆம் நாள் அதிகாலை நான்கு மணிக்கு முடியும்போது, ஒன்றரை மணிக்குக் கிடைத்த கூட்டை ஒருவர் 14 என்றும் மற்றொருவர் 15 என்றும் எழுதக்கூடும். இருவரும் தத்தம் அளவில் சரியே. முட்டைகள் பொரிய ஏறத்தாழ 45 முதல் 55 நாள் ஆவதால், குஞ்சுகள் தெருவிளக்கின் வெளிச்சத்தை நோக்கிச் சிதறாதபடி அந்த நாட்களை ஒட்டிக் கூட்டின் மேல் கூடை கவிழ்ப்பது வழக்கம். அங்கே ஒரு நாள் பிசகைச் சமாளித்துவிடலாம். ஆனால் மணலின் வெப்பத்துக்கும் அடைக்காலத்துக்கும் உள்ள தொடர்பை ஆராயும்போது அதே ஒரு நாள் கணக்கைக் குழப்பும். வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகளும் குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கும் இவ்வினத்தில் இது அற்ப விஷயமன்று. நடை தொடங்கிய நாளையே ‘இரவின் தேதி’ என வைத்துக்கொண்டு மணியைத் தனிக் கட்டத்தில் எழுதுவது என்ற விதியைப் படிவத்தின் தலைப்பிலேயே அச்சிட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

பொரிப்பகத்தில் ஒவ்வொரு கூட்டின் மேலும் நடப்படும் பலகையிலுள்ள எண்ணும் பதிவேட்டிலுள்ள எண்ணும் ஒன்றாக இருந்தாக வேண்டும். 37 என்பது 31 எனப் படிக்கப்பட்டால், ஓர் ஆமையின் முட்டைகள் வேறோர் ஆமையின் கணக்கில் ஏறிவிடும். குஞ்சுகள் வெளியேறிய பின் கூட்டைத் தோண்டி, பாதிக்கு மேல் முழுமையாக உள்ள முட்டையோட்டை ஒன்று எனக் கொண்டு எண்ணி, பொரியாத முட்டைகளையும் எண்ணினால், இரண்டின் கூட்டுத்தொகை புதைத்த எண்ணிக்கையோடு ஏறக்குறைய ஒத்துவர வேண்டும். ஒத்துவராத கூடுகளைத் திருத்தி ஒப்பேற்றாமல், ஒத்துவரவில்லை என்றே குறித்துவைக்கும் குழுவின் பதிவேட்டைத்தான் நம்ப முடியும்.

தாளிலிருந்து கணினிக்கு ஏறும்போது ஊர்ப்பெயர்கள் வேறு பாடுபடுத்தும். நீலாங்கரை, நீலங்கரை என இருவகையாகவும், ஆங்கில எழுத்தில் மேலும் நான்கு வகையாகவும் எழுதப்படும் ஒரே இடத்தைக் கணினி ஆறு இடங்களாகக் காட்டும். தட்டச்சு செய்யவிடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கவைக்கும் கைபேசிப் படிவங்கள் இதைப் பெருமளவு தடுக்கின்றன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2008இல் தொடங்கிய ‘ஓப்பன் டேட்டா கிட்’ என்னும் இலவச மென்பொருளும், அதன் அடித்தளத்தில் எழுந்த ‘கோபோ டூல்பாக்ஸ்’ என்பதும் இணையமில்லாத இடத்திலும் பதிவை வாங்கிவைத்துக்கொண்டு, இணைப்புக் கிடைத்ததும் அனுப்பிவிடுகின்றன. இருப்பினும் ஈர மணல் ஒட்டிய விரல், பேட்டரி தீர்ந்த கைபேசி ஆகியவற்றை எண்ணிப் பார்த்தால், பென்சிலும் தாளும் இன்னும் ஓய்வு பெறவில்லை என்பது புரியும்.

எக்செல் போன்ற அட்டவணைகளையே தரவுக் களஞ்சியமாக வைத்துக்கொள்வது சிறிய குழுக்களின் பலவீனம் என்று எண்ணிவிடக் கூடாது. 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, 65,536 வரிசைகளுக்கு மேல் கொள்ளாத பழைய எக்செல் வடிவத்தைப் பயன்படுத்தியதால், 15,841 கொரோனா தொற்றுகள் உரிய நாட்களின் கணக்கில் சேராமல் போயின. ஆமைக் குழுவின் பதிவுகள் அந்த எல்லையை எட்டப்போவதில்லை. அவற்றுக்கு நேரும் ஆபத்து வேறு. தன்னார்வலர்கள் படிப்பு முடிந்து ஊர் மாறும்போது, ‘தி.’ என்ற சுருக்கக்குறி கூடு திருட்டுப் போனதைக் குறித்ததா, ஆமை கூடு தோண்டாமல் திரும்பியதைக் குறித்ததா என்பது அவர்களோடு போய்விடுகிறது. ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும், அது எந்த ஆண்டில் மாற்றப்பட்டது என்பதையும் விளக்கும் ஒரு பக்கக் குறிப்பைப் பதிவேட்டோடு சேர்த்துவைக்கச் செலவில்லை. ஆனால் நடைமுறையில் கடைசிவரை தள்ளிப்போடப்படும் வேலையும் அதுவே.

2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கடற்கரைகளில் பங்குனி ஆமைகளின் உடல்கள் பெருமளவில் ஒதுங்கியபோது, இழுவலைகளில் சிக்கி மூச்சுமுட்டி இறந்திருக்கக்கூடும் என்ற விவாதம் எழுந்தது. அத்தகைய நேரத்தில், இந்த எண்ணிக்கை வழக்கத்துக்கு மாறானதா என்ற முதல் கேள்விக்கே முந்தைய ஆண்டுகளில் அதே கரையில் எடுத்த கணக்கு இருந்தால்தான் விடை கிடைக்கும். அந்தக் கணக்கிலும், நேற்று எண்ணிய உடலை இன்று மற்றொரு குழு மறுபடி எண்ணாமலிருக்க ஓட்டில் வண்ணம் பூசினார்களா, அழுகிய நிலையைக் குறித்தார்களா, உடலைப் புதைத்த பின் அதன் பதிவை முடித்துவைத்தார்களா என்பவற்றைப் பதிவேட்டின் ஓரக் கட்டங்களிலிருந்துதான் அறிய முடியும்.