வழிவிடுதல் (சாலைப் போக்குவரத்து)

வழிவிடுதல் என்பது, இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் ஓர் இடத்தைக் கடக்க முற்படும்போது எது முதலில் செல்ல வேண்டும் என்பதை வரையறுக்கும் சாலை விதியாகும். சுற்றுச்சந்திகளிலும் நெடுஞ்சாலைகளிலும் ஓட்டுநர்கள் செய்யும் பிழைகள் பல, இவ்விதியை அறியாமையாலோ அறிந்தும் கைவிடுவதாலோ ஏற்படுகின்றன. தமிழ்நாட்டில் எழுதப்பட்ட விதி ஒன்றாகவும் நடைமுறை வேறாகவும் உள்ளது. பெரிய வண்டிக்குச் சிறிய வண்டி ஒதுங்க வேண்டும் என்பதே நடைமுறை. பேருந்துக்கு மகிழுந்தும், மகிழுந்துக்கு இருசக்கர வண்டியும், எல்லாவற்றுக்கும் நடந்து செல்பவரும் ஒதுங்குகின்றனர். இவ்வழக்கத்தைச் சட்டம் எங்கும் ஏற்கவில்லை.

சுற்றுச்சந்தி

பல சாலைகள் கூடுமிடத்தில் நடுவே ஒரு திட்டு அமைத்து, எல்லா வண்டிகளும் அதை ஒரே திசையில் சுற்றிச் செல்லுமாறு செய்யும் அமைப்பு சுற்றுச்சந்தி ஆகும். தமிழ்நாட்டில் இது ரவுண்டானா எனவும் இலங்கையில் சுற்றுவட்டம் எனவும் வழங்கப்படுகிறது. சென்னை அண்ணா நகரில் இச்சொல் ஓர் இடப்பெயராகவே நிலைத்துவிட்டது. இந்தியா, இலங்கை போன்று இடப்புறம் ஓட்டும் நாடுகளில் வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும்.

நான்கு சாலைகள் கூடும் சாதாரணச் சந்தியில் வண்டிகளின் பாதைகள் ஒன்றையொன்று சந்திக்கும் புள்ளிகள் 32. அதுவே ஒற்றைத் தடச் சுற்றுச்சந்தியாயின் 8 மட்டுமே. நேருக்கு நேர் மோதுவதற்கான வாய்ப்பும் ஏறத்தாழ இல்லாமற் போகிறது. ஆனால் இந்த நன்மை அனைத்தும் ஒரே விதியைச் சார்ந்துள்ளது: உள்ளே நுழைபவர், ஏற்கனவே உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழிவிட வேண்டும். இடப்புறம் ஓட்டும் நாட்டில் அவர் வலப்பக்கத்திலிருந்து வருவார்.

இவ்விதி மாறினால் என்ன ஆகும் என்பதற்கு பிரித்தானியா சான்றாகும். அங்கு 1966 வரை சுற்றுச்சந்திகளில் தெளிவான முன்னுரிமை விதி இல்லை. நெரிசல் மிகுந்த நேரங்களில் நுழைபவர் நுழைந்துகொண்டே இருக்க, உள்ளே இருப்பவர் வெளியேற வழியின்றி வட்டம் முழுவதும் பூட்டிக்கொள்ளும். வெளியேறும் வாயில் திறந்திருந்தும் அதை அடைய இயலாது என்பதே இப்பூட்டின் விந்தை. அவ்வாண்டு நவம்பரில் வலப்பக்கத்திலிருந்து வருவோருக்கு முன்னுரிமை என்ற விதி கொண்டுவரப்பட்ட பின்னரே நிலைமை சீரடைந்தது. பாரிசு நகரின் வெற்றி வளைவைச் சுற்றியுள்ள சந்தியில் இன்றும் நுழைபவருக்கே முன்னுரிமை. அச்சந்தியின் குழப்பம் உலகறிந்தது.

இந்தியாவில் 1989 ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகள், முதன்மைச் சாலை என அறிவிக்கப்படாத சந்திகளில் வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிகளுக்கு வழிவிட வேண்டும் எனக் கூறின. அவற்றுக்கு மாற்றாக 2017 இல் வந்த ஒழுங்குமுறைகள், சுற்றுச்சந்திக்குள் இருக்கும் வண்டிக்கே முன்னுரிமை என்பதைத் தெளிவாக்கின. ஆயினும் நடைமுறையில், முன்சக்கரத்தை முதலில் நுழைத்தவருக்கே வழி என்ற எண்ணம் நீடிக்கிறது. உள்ளே சுற்றிவரும் ஓட்டுநர் திடீரெனத் தடை போட வேண்டியிருப்பதும், பின்னால் வருபவர் ஒலிப்பானை விடாமல் அழுத்துவதும் இதனாலேயே. விதிப்படி நுழைவாயிலில் காத்திருப்பவரையும் பின்னாலிருப்பவர் ஒலியெழுப்பி உள்ளே தள்ளுகிறார். விதியைப் பின்பற்றுபவரே வழிமறிப்பவராகத் தோன்றுவது இங்குள்ள பெரும் எரிச்சலாகும்.

சுற்றுச்சந்திக்கு எல்லையும் உண்டு. எல்லாச் சாலைகளிலிருந்தும் சேர்த்து மணிக்கு 3000 வண்டிகள் வரையே அது தாங்கும் என இந்தியச் சாலைப் பேரவையின் 1976 ஆம் ஆண்டு வழிகாட்டி கூறியது. அதற்கு மேற்பட்டால் ஓட்டுநரின் ஒழுக்கம் மட்டும் போதாது. சென்னை கத்திப்பாராவில் இருந்த சுற்றுச்சந்திக்கு மேலே 2008 இல் மேம்பாலம் திறக்கப்பட்டது. மறுபுறம், கோயம்புத்தூரில் 2020களின் முற்பகுதியில் லாலி சாலை உள்ளிட்ட சில சந்திகளில் சமிக்ஞை விளக்குகளைக் கைவிட்டுச் சுற்றுச்சந்திகள் அமைக்கப்பட்டன.

சிறு நகரங்களில் வேறொரு சிக்கல் உள்ளது. சந்தியின் நடுவே ஒரு சிலையோ கொடிமேடையோ உயர்கோபுர விளக்கோ இருந்தால் அது சுற்றுச்சந்தி போலத் தோன்றும். திட்டு சிறியதாகவும் சாலை குறுகியதாகவும் இருப்பதால், வலப்புறம் திரும்ப விரும்புபவர் அதைச் சுற்றாமல் குறுக்கே வெட்டிச் செல்கிறார். சுற்றி வருபவரும் வெட்டி வருபவரும் எதிரெதிரே நின்றுவிடுகின்றனர்.

விளக்குச் சைகைகளும் பொருள் மயக்கமும்

சுற்றுச்சந்தியில் முதல் சாலையிலேயே வெளியேறுபவர் இடப்புற இண்டிகேட்டரை முன்னதாகவே இட வேண்டும். நேராகச் செல்பவர் நுழையும்போது எதுவும் இடாமல், தமக்குரிய வாயிலுக்கு முந்தைய வாயிலைக் கடந்ததும் இடப்புறம் காட்ட வேண்டும். வலப்புறம் செல்பவர் வலப்புறம் காட்டி நுழைந்து, வெளியேறும் முன் இடப்புறத்துக்கு மாற்ற வேண்டும்.

நேராகச் செல்கிறேன் என்பதைக் காட்ட நான்கு விளக்குகளையும் ஒருசேர மினுக்கும் பழக்கம் இந்தியாவெங்கும் உள்ளது. இது தவறு மட்டுமன்று, ஆபத்தும் ஆகும். இடப்பக்கச் சாலையில் நிற்பவர் கண்ணுக்கு வண்டியின் இடப்பக்க விளக்கு மட்டுமே தெரியக்கூடும். வண்டி தன் பக்கம் திரும்புகிறது என்று எண்ணி அவர் சாலையில் இறங்குகிறார். அவ்விளக்குகள் பழுதாகி நிற்கும் வண்டிக்கு உரியவை.

இதைவிடக் கொடிய மயக்கம் சரக்குந்தின் வலப்புற இண்டிகேட்டரால் வருகிறது. சில ஓட்டுநர்கள் அதைப் பின்னால் வருபவர் முந்திச் செல்லலாம் என்பதற்கும், சிலர் முந்தாதே என்பதற்கும், மற்றவர் உண்மையிலேயே வலப்புறம் திரும்புவதற்கும் இடுகின்றனர். பழைய விதிமுறைகளில் முந்த அனுமதிக்க வலக்கையை வெளியே நீட்டி முன்னும் பின்னும் அசைக்கும் சைகை இருந்தது. அதை வேறொன்றாகக் கொள்ள இயலாது. முகப்பு விளக்கை மினுக்குவதும் அவ்வாறே. பிரித்தானியாவில் பலர் அதை நீங்கள் வாருங்கள் என்னும் பொருளில் பயன்படுத்துகின்றனர். நம் சாலைகளில் அதன் பொருள் நான் வருகிறேன், நீ நில் என்பதாகும். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து வண்டி ஓட்டும் தமிழர்கள் இதை நினைவில் கொள்வது நலம்.

இருவழி நெடுஞ்சாலை

நெடுஞ்சாலையில் வழிவிடும் சிக்கல் முந்துதலில் வெளிப்படுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கி இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். புதுக்கோட்டை, காரைக்குடி, பேராவூரணி வழியாகப் பட்டுக்கோட்டை, ஆவுடையார்கோவில் வழியாக மீமிசல், மற்றும் கட்டுமாவடி ஆகிய ஊர்களுக்குச் சாலைகள் இங்கிருந்து பிரிகின்றன. கட்டுமாவடியிலும் மீமிசலிலும் அவை கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைகின்றன. இச்சாலைகள் பெரும்பாலும் நடுத்தடுப்பு அற்றவை. எனவே முந்த விரும்புபவர் எதிர்வருபவரின் பாதையைச் சிறிது நேரம் கடன் வாங்க வேண்டியுள்ளது.

அக்கடன் எவ்வளவு என்பதைக் கணக்கிடலாம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் சரக்குந்தை ஒரு மகிழுந்து 80 கி.மீ. வேகத்தில் முந்துவதாகக் கொள்வோம். பின்னால் 20 மீட்டர் இடைவெளியிலிருந்து தொடங்கி, முன்னால் அதே அளவு இடைவெளி விட்டுத் தன் பாதைக்குத் திரும்ப, சரக்குந்தைவிட ஏறத்தாழ 60 மீட்டர் கூடுதலாகச் செல்ல வேண்டும். இதற்குச் சற்றேறக்குறைய 7 நொடிகள் ஆகும். அதற்குள் மகிழுந்து 160 மீட்டர் சென்றிருக்கும். எதிரே அதே வேகத்தில் வரும் பேருந்தும் 160 மீட்டர் வந்திருக்கும். ஆக 320 மீட்டர், அதுவும் தொடக்கத்திலேயே 80 கி.மீ. வேகம் இருந்தால். முடிவெடுக்கும் நேரத்தையும் வேகமெடுக்கும் நேரத்தையும் சேர்த்தே, இந்தியச் சாலை வடிவமைப்பில் இவ்வேகத்துக்கு முந்துவதற்கான பார்வைத் தொலைவு 470 மீட்டர் எனக் கொள்ளப்படுகிறது. நிறுத்துவதற்கான தொலைவோ 120 மீட்டர்தான். நிறுத்த முடியும் என்ற நம்பிக்கையில் முந்தத் தொடங்குபவர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கிறார்.

மிச்சமாகும் நேரமும் சிறிது. 30 கி.மீ. தொலைவை 60 கி.மீ. வேகத்தில் கடக்க 30 நிமிடம், 50 கி.மீ. வேகத்தில் சரக்குந்தின் பின்னாலேயே சென்றால் 36 நிமிடம். அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டை அதைவிடச் சற்றே கூடுதலான தொலைவில் உள்ளது.

முந்தப்படுபவரும் பிழை செய்கிறார். தன்னை ஒருவர் முந்தும்போது வேகத்தைக் கூட்டுவது கௌரவப் பிரச்சினையாகவே காணப்படுகிறது. முந்துபவர் எதிர்ப்பாதையில் இருக்கும் நொடிகள் இதனால் இரட்டிப்பாகலாம்.

நான்குவழிச் சாலைகளில் இச்சிக்கல் நீங்கினாலும் எதிர்த்திசையில் ஓட்டும் பழக்கம் தலைதூக்குகிறது. வயலுக்கோ எரிபொருள் நிலையத்துக்கோ செல்பவர், நடுத்தடுப்பின் திறப்பு தொலைவில் இருப்பதால், ஓரமாக எதிரே வருகிறார். இது 2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184 ஆம் பிரிவின்படி அபாயகரமாக ஓட்டுதலாகும். முதல் முறைக்கே 1000 முதல் 5000 ரூபாய் வரை தண்டமோ, சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். திறப்புகளை ஊராரின் தேவையறிந்து அமைக்காததும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை.

இரவும் பருவங்களும்

எதிரே வண்டி வரும்போது முகப்பு விளக்கைத் தாழ்த்த வேண்டும் என்பதும் வழிவிடுதலின் ஒரு வகையே. முகப்பு விளக்கின் நடுவில் கருப்பு வில்லை ஒட்டும் தமிழ்நாட்டு வழக்கம் கூச்சத்தைக் குறைப்பதற்காக ஏற்பட்டது. எதிரே வருபவர் தாழ்த்தாவிட்டால் தாமும் உயர்த்துவது பலரின் பதிலடியாகும். அப்போது இருவருக்கும் கண் தெரிவதில்லை. அப்பார்வையற்ற நொடிகளில் விளக்கில்லாத உழவு வண்டியோ சாலையோரம் நடப்பவரோ இருக்கக்கூடும்.

அறந்தாங்கி வட்டாரம் கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதியாகும். சம்பா அறுவடை முடிந்ததும் நெல்லைச் சாலையின் ஒரு பாதியில் காயவைத்து, சுற்றிலும் கல் அடுக்குவது காவிரிப் பாசனப் பகுதிகளில் காணப்படும் வழக்கம். காய்ந்த நெல்லை அள்ளிய பின்னும் கற்கள் சில இரவில் அங்கேயே கிடக்கும். தை மாதத்தில் பழனிக்கும், ஆகஸ்ட் இறுதியில் வேளாங்கண்ணிக்கும் செல்லும் பாதயாத்திரையினர் வெயிலுக்கு அஞ்சி இரவிலும் விடியலுக்கு முன்பும் நடக்கின்றனர். கடற்கரைச் சாலையில் ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் மீன்பிடி துறைமுகங்களின் சரக்கு வண்டிகளும் செல்கின்றன. நடப்பவர்கள் வலப்புற ஓரமாக, எதிர்வரும் வண்டியைப் பார்த்தபடி நடப்பதும், முதுகுப் பையில் ஒளிர்பட்டை ஒட்டிக்கொள்வதும் ஓட்டுநருக்குச் சில நொடிகளைக் கூடுதலாகத் தருகின்றன.