சப்ரகமுவத் தோட்டப் பாடசாலைகளில் பிறமொழிக் கல்வி

சப்ரகமுவ மாகாணம் இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்டது. பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை முதலிய பகுதிகளின் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் மலையகத் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். நுவரெலியா மாவட்டத்தில் தமிழர் பெரும்பான்மையினர். சப்ரகமுவவிலோ அவர்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறி வாழும் சிறுபான்மையினர். தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் தமிழ் பேசி வளரும் பிள்ளை, தோட்டத்தைத் தாண்டியதும் கடையிலும் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் சிங்களத்தையே கேட்கிறது. பிறமொழிக் கல்வி இப்பிள்ளைகளின் அன்றாட வாழ்வோடு ஒட்டியது.

பாடசாலைகளில் ஆங்கிலம் தரம் 3 முதல் முறையான பாடமாகவும், சிங்களம் இரண்டாம் தேசிய மொழியாகவும் கற்பிக்கப்படுகின்றன. க.பொ.த. சாதாரண தரத்தில் பிரெஞ்சு, ஜேர்மன், ஜப்பானியம், ஹிந்தி போன்றவற்றையும் விருப்பப் பாடங்களாகத் தெரிவு செய்யலாம். ஆனால் ஆசிரியர் இல்லாத பாடசாலையில் அந்தத் தெரிவு ஏட்டோடு நின்றுவிடும்.

தெருவிலும் வேலைத்தலத்திலும் பழகியே பலர் சிங்களம் பேசிவிடுகிறார்கள். எழுத்துச் சிங்களமோ இலக்கணத்திலும் சொல்லிலும் பேச்சிலிருந்து பெரிதும் வேறுபட்டது. அதைப் பழக்கத்தால் மட்டும் பெற முடியாது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988இன் 16ஆவது திருத்தம் அதன் நிருவாகப் பயன்பாட்டை விரிவாக்கியது. இருந்தும், தமிழ் தெரிந்த அலுவலர் இல்லாத இடங்களில் தமிழில் சேவை பெறும் உரிமை நடைமுறைக்கு வருவதில்லை. அங்கே பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரம், ஊழியர் சேமலாப நிதிப் படிவம், பொலிஸ் முறைப்பாடு ஆகியவற்றைத் தானே வாசிக்கத் தெரிந்தவர், என்னவென்று அறியாமல் கையெழுத்திட வேண்டியதில்லை. அதேவேளை, தமிழில் பதில் கேட்கும் உரிமையை அவர் விட்டுக்கொடுக்கவும் கூடாது.

தொழிலிலும் பயன் உண்டு. 2007 ஜூலை 1க்குப் பின் நியமனம் பெற்ற அரச ஊழியர்கள் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்பது விதி. சிங்களத்தை முறையாகக் கற்ற தமிழ் இளைஞருக்கு இது எளிதாகும். உயர்கல்விக்கும் தனியார் துறைக்கும் ஆங்கிலம் தேவை. வேலைக்காகத் தென்கொரியா செல்ல விரும்புவோர் கொரிய மொழிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். சிறப்புத் திறன் தொழிலாளரை ஜப்பானுக்கு அனுப்பும் உடன்பாடும் 2019இல் கைச்சாத்தானது. அந்தத் திட்டத்திலும் ஜப்பானிய மொழித் தேர்ச்சி கேட்கப்படுகிறது. இவற்றுக்குத் தனியார் வகுப்புகளில் பணம் கட்டிப் படிக்கத் தோட்டக் குடும்பங்களின் நாட்சம்பளம் இடம் தராது. பாடசாலையில் அடித்தளம் கிடைத்தால் இந்தக் கதவுகள் அவர்களுக்கும் திறக்கும்.

பிறமொழி தாய்மொழியைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் சிலரிடம் உண்டு. ஆனால் ஒரு மொழியில் பெற்ற வாசிப்புத் திறனும் சிந்தனைத் திறனும் அடுத்த மொழிக்கும் உதவும் என்பதை மொழிக்கல்வி அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் விளக்கினார். தமிழில் நன்றாக வாசிக்கும் பிள்ளை சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் கற்கும் ஆற்றலோடுதான் வகுப்புக்கு வருகிறது.

இந்த உண்மை சப்ரகமுவவில் மிகவும் முக்கியமானது. அருகில் உயர்தர வகுப்புள்ள தமிழ்ப் பாடசாலை இல்லாததாலும், சிங்களம் தெரிந்தால் பிழைப்பு எளிதாகும் என்பதாலும் பெற்றோர் சிலர் பிள்ளைகளைச் சிங்கள மொழிமூலத்தில் சேர்க்கின்றனர். வீட்டில் தமிழ் பேசினாலும் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத தலைமுறை இப்படித்தான் உருவாகிறது. சிங்களமும் ஆங்கிலமும் தமிழ்ப் பாடசாலையிலேயே தரமாகக் கிடைத்தால், ஒன்றைப் பெற இன்னொன்றை இழக்க நேராது.

அதற்கு முதல் தேவை ஆசிரியர்கள். பத்தனையில் உள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி மலையகத்துக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கிறது. பெலிகுல்ஓயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தின் சமூக விஞ்ஞான, மொழிகள் பீடம் இயங்குகிறது. இவ்விரு நிறுவனங்களிலும் பயிலும் இளைஞர் தோட்டப் பாடசாலைகளில் மொழியாசிரியராக நியமனம் பெறவும், அங்கேயே நிலைத்துப் பணியாற்றவும் வழி செய்ய வேண்டும். அயல் கிராமத்துச் சிங்களப் பிள்ளைகளும் தமிழைக் கற்க வேண்டும். அப்போதுதான் மொழி கற்கும் சுமை ஒரு பக்கத்தார் மீது மட்டும் விழாது. இரு சமூகத்தாரும் இடையாள் இன்றி ஒருவரோடொருவர் பேசிப் பழகவும் முடியும்.