ஹெல்த் காட் இருந்தும் கண் பரிசோதனைக்குக் காசு கேட்பது ஏன்?

ஒன்ராறியோவில் கண் டொக்டரைத் தேடும் நம்மவர்கள் தொலைபேசியில் முதலில் கேட்பது, “நீங்கள் ஓஹிப் எடுப்பீர்களா?” என்பதைத்தான். ஓஹிப் என்பது ஹெல்த் காட்டுக்குப் பின்னால் இருக்கும் மாகாணச் சுகாதாரக் காப்புறுதி. கண் பரிசோதிக்கும் ஒப்ரோமெற்றிஸ்ட்கள் அநேகமாக எல்லோரும் “ஓம்” என்பார்கள். அந்த நம்பிக்கையில் போனவரிடம், பரிசோதனை முடிந்ததும் பில் நீட்டப்படுகிறது. ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள்: “எனக்கு, இந்த முறை, ஓஹிப் காசு கொடுக்குமா?”

வயதுதான் முதல் கணக்கு. 19 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு 12 மாதங்களுக்கு ஒரு முழுப் பரிசோதனைக்கு ஓஹிப் பணம் கொடுக்கும். 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு முன்பு ஆண்டுக்கு ஒரு முறை என்று இருந்தது. 2023 செப்ரெம்பரில் அது 18 மாதங்களுக்கு ஒரு முறை என்று மாறிவிட்டது. குறிப்பிட்ட கண் நோயோ நீரிழிவோ உள்ள முதியவர்களுக்கு மட்டும் பழையபடி 12 மாதம். இந்த மாற்றம் தெரியாமல் போய்க் காசு கட்டும் அப்பா அம்மாமார் இன்னும் இருக்கிறார்கள்.

20 முதல் 64 வயது வரையானோரின் வழக்கமான கண் பரிசோதனையை 2004 நவம்பர் 1 முதல் மாகாணம் ஓஹிப்பிலிருந்து நீக்கிவிட்டது. கண்ணாடியின் பவர் மாறியிருக்கிறதா என்று பார்க்கப் போனால், கைக்காசுதான். வேலையிடக் காப்புறுதி இருந்தால் அதில் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் இந்த வயதினரிலும் நீரிழிவு, குளுக்கோமா, பார்வையைக் குறிப்பிட்ட அளவுக்கு மங்கச் செய்த கற்றரக்ட், முற்றிக்கொண்டுவரும் விழித்திரை நோய் போன்றவை உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முழுப் பரிசோதனையை ஓஹிப் ஏற்கிறது.

இதில் நீரிழிவைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டும். தெற்காசியர்களான நமக்குச் சீனி வருத்தம் வரும் வாய்ப்பு அதிகம்; இளவயதிலேயே வந்தும் விடுகிறது. அது விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கத் தொடங்கும் காலத்தில் வலி இருக்காது, பார்வையும் தெளிவாகவே இருக்கும். பார்வை மங்கிய பிறகு போனால், இழந்ததை முழுதாக மீட்பது கடினம். 45 வயதில் நீரிழிவுக்குக் குளிசை எடுக்கும் ஒருவர், “எனக்கு இன்னும் 65 ஆகவில்லை, காசு கேட்பார்கள்” என்று நினைத்துப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது மிகவும் வருந்தத்தக்க தவறு. அவருக்கு அது ஆண்டுதோறும் கிடைக்கும் உரிமை. அப்பொயின்ட்மென்ட் எடுக்கும்போதே “எனக்கு டயபிற்றீஸ் இருக்கிறது” என்று சொல்லுங்கள். எடுக்கும் மருந்துகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள்.

ஒப்ரோமெற்றிஸ்ட்டிடம் போகக் குடும்ப டொக்டரின் கடிதம் தேவையில்லை. சத்திர சிகிச்சை செய்யும் கண் நிபுணரிடம் போகத்தான் பரிந்துரை வேண்டும். அதை ஒப்ரோமெற்றிஸ்ட்டே எழுதித் தருவார். அருகில் இருப்பவரைக் கண்டுபிடிக்க, ஒன்ராறியோ ஒப்ரோமெற்றிஸ்ட்கள் சங்கத்தின் இணையத்தளத்தில் தேடும் வசதி உண்டு. ஒருவர் உரிமம் பெற்றவர்தானா என்று பார்க்க, அவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒப்ரோமெற்றிஸ்ட்கள் கல்லூரியின் பொதுப் பதிவேடு இருக்கிறது. ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் தமிழ் பேசும் கண் டொக்டர்களும் ஊழியர்களும் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் தன் வருத்தத்தைச் சொல்லத் தயங்கும் அம்மம்மாவுக்கு அப்படியோர் இடம் கிடைத்தால், அரை மணி நேரம் கூடுதலாகப் பயணம் செய்தாலும் நல்லதுதான்.

தொலைபேசியில் ஹெல்த் காட் காலாவதியாகவில்லை என்பதைப் பார்த்துச் சொல்லுங்கள். கடைசியாக எப்போது, எங்கே கண் பார்த்தீர்கள் என்பதையும் மறைக்காதீர்கள். வேறு இடத்தில் செய்த பரிசோதனையும் உங்கள் கணக்கில் ஏறியிருக்கும். 12 மாதமோ 18 மாதமோ நிறையுமுன் இன்னொருவரிடம் போனால் ஓஹிப் கைவிரிக்கும்.

அடுத்தது, மேலதிகச் சோதனைகள். ஓஹிப் ஏற்கும் பரிசோதனைக்கு உங்களிடம் தனியாகக் காசு வாங்கச் சட்டம் இடம்கொடுக்காது. ஆனால் விழித்திரையைப் படம் எடுத்தல், விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிரி ஸ்கான் போன்றவை அந்தப் பரிசோதனைக்கு வெளியே உள்ளவை. அவற்றுக்குக் கட்டணம் கேட்கலாம். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கும் உரிமை உண்டு. “இது எதற்கு? எவ்வளவு? செய்யாவிட்டால் எதைத் தவறவிடுவேன்?” என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். டொக்டர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு பரிசோதனைக்கு 1989இல் ஓஹிப் 39.15 டொலர் கொடுத்ததாகவும், 2021இல் அது சராசரி 44.65 டொலராகவே இருந்ததாகவும் அவர்களின் சங்கம் சொன்னது. அந்த ஆண்டு செப்ரெம்பர் 1 முதல் நவம்பர் பிற்பகுதி வரை ஓஹிப் நோயாளிகளைப் பார்ப்பதையே அவர்கள் நிறுத்தி வைத்தார்கள். அரசு குறைவாகக் கொடுத்தால் இடைவெளி எங்காவது தலைகாட்டும். அதை விவரம் தெரியாத முதியவர் ஒருவர் தன் பென்ஷனிலிருந்து நிரப்பக்கூடாது என்பதே என் கவலை.

அகதிக் கோரிக்கை வைத்துக் காத்திருப்பவர்களுக்கு ஓஹிப் இல்லை. மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் உண்டு. அதில் வரையறுக்கப்பட்ட கண் பராமரிப்பும் அடங்கும். இங்கேதான் “நீங்கள் எடுப்பீர்களா?” என்ற பழைய கேள்வி உண்மையிலேயே தேவைப்படுகிறது. அத்திட்டத்தை நடத்தும் மெடாவி புளூ குரொஸில் பதிவுசெய்த கண் டொக்டர்தான் அதை ஏற்கமுடியும். போகுமுன் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

கண்ணாடிக்கும் கொன்ராக்ட் லென்ஸுக்கும் எந்த வயதிலும் ஓஹிப் பணம் கொடுக்காது. கண் பார்த்த இடத்திலேயே கண்ணாடி வாங்கவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. உங்கள் கண்ணாடிச் சீட்டின் பிரதியைக் கேட்டு வாங்கி, நான்கு கடைகளில் விலை பாருங்கள்.